இலண்டனில் மூன்று மாதம்: பேருந்தும் தொலைபேசியும்

கொக்குவில் வாசி:
ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நானும் மனைவியும் வருகிற வைகாசியில் இலண்டன் ஈஸ்ட்ஹாமில் உள்ள மகளிடம் மூன்று மாதம் தங்கப் போகிறோம். மகளும் மருமகனும் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் திரும்புவார்கள் என்பதால், வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் கோயிலுக்கும் கடைக்கும் நாங்களே போய்வர விரும்புகிறோம். அங்கே பேருந்தில் காசு வாங்குவதில்லை என்பது உண்மையா? வங்கி அனுப்பும் இரகசிய எண் என் இலங்கை இலக்கத்துக்கே வருவதால் அதை விடவும் முடியாது. என்ன ஒழுங்கு செய்ய வேண்டும்?

சுன்னாகம் வாசி:
உண்மைதான், ஐயா. 2014 ஆடி மாதத்திலிருந்து இலண்டன் பேருந்துகளில் காசு எடுப்பதில்லை. நடத்துநரும் இல்லாததால் "இறக்கம்" என்று குரல் கொடுத்துப் பயனில்லை, சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். முன்கூட்டியே காசு ஏற்றி வைத்துப் பயணம் செய்யும் ஒய்ஸ்டர் அட்டை ஆளுக்கொன்றாக இரண்டு வாங்குங்கள். ஓர் அட்டையில் இருவர் பயணம் செய்ய முடியாது. பேருந்தில் ஏறும்போது மட்டும் அங்குள்ள கருவியில் அட்டையைத் தொட்டால் போதும், ஆனால் தொடருந்தில் ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் தொட வேண்டும். கதவு திறந்து கிடந்த ஒரு நிலையத்தில் நான் தொடாமல் வெளியே வந்து, அந்தப் பயணத்துக்குரிய உச்சக் கட்டணத்தை இழந்தேன். முதற் பேருந்தில் தொட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் அடுத்த பேருந்தில் ஏறினால் மறுபடி கட்டணம் இல்லை. ஈஸ்ட்ஹாமுக்கு அருகிலுள்ள மனோர் பார்க் முருகனிடம் விரைவாக விடைபெற்றால் திரும்பும் பயணம் இலவசம், பூசை முடியும்வரை நின்றால் இல்லை. அறுபது வயதானோருக்கான இலவச அட்டை அங்கே வசிப்பவர்களுக்கு மட்டுமே.

இணுவில் வாசி:
தொலைபேசிதான் பலருக்கும் தலையிடி. இரண்டு சிம் போடக்கூடிய தொலைபேசியானால், இலங்கைச் சிம்மை எடுக்காமல், புறப்படுமுன் இங்கேயே, வெளிநாட்டிலும் அது இயங்குவதற்கான றோமிங் வசதியைத் திறப்பித்து, வெளிநாட்டில் அதன் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். வங்கியின் குறுஞ்செய்தி வந்து சேரும், ஆனால் அந்தச் சிம்மில் வரும் அழைப்பை எடுத்தால் காசு கழியும். இணையத்துக்கு அங்கே ஒரு முற்கொடுப்பனவுச் சிம் வாங்குங்கள்; விமான நிலையத்தைவிட ஊர்க்கடையில் மலிவு. புதுச் சிம் போட்டதும் இலக்கத்தை மாற்றவா என்று வட்ஸ்அப் கேட்டால் மறுத்துவிடுங்கள், பழைய இலக்கத்திலேயே அது இயங்கும்.

இன்னொன்று, எவரும் சொல்லாதது: 077, 021 என்று சேமித்து வைத்திருக்கும் இலக்கங்களை அங்கிருந்து அப்படியே அழுத்தினால் ஊருக்கு அழைப்பு வராது. முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 சேர்த்து, இங்கேயே ஆறுதலாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

சுன்னாகம் வாசி:
கோடையில் அவர்கள் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். இரவுச் சாப்பாடு முடித்து அங்கிருந்து பேச எடுத்தால் இங்கே நடுச்சாமம் தாண்டிவிடும்.

கொக்குவில் வாசி:
இருவருக்கும் நன்றி. என் தொலைபேசியில் எல்லா இலக்கங்களையும் நேற்றிரவே திருத்திவிட்டேன். மனைவியினுடையதில் "பெரியக்கா", "பெரியக்கா புதுசு", "பெரியக்கா சரியானது" என மூன்று இருப்பதால், எதைத் திருத்துவதென்று பெரியக்காவிடமே கேட்க வேண்டியிருக்கிறது.