மட்டப்பாவுக்குச் சுண்ணாம்பு அடித்தால் போதுமாம்!

கொக்கிரகுளத்தான்:
நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நெல்லையின் பழைய வீடுகள் எல்லாம் கரண்ட்டைக் குடிக்கின்றனவாம். அரசு சட்டம் போட்டு அத்தனையையும் மாற்ற வேண்டுமாம். செலவும் இல்லையாம், வெயில் சூடு உள்ளே இறங்காமல் இருக்க மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாலே போதுமாம். அண்ணாச்சி, ஐப்பசி மழையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே மழைக்குச் சுண்ணாம்பு வாறுகாலில் பாலாக ஓடும். என் வீடு தாத்தா கட்டிய செங்கல் மட்டப்பா, மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. சித்திரை மத்தியானத்தில் தரையில் துண்டை விரித்துத் தூங்குகிறேன்.

டவுன்வாசி:
எழுதியது நான்தான். ஐப்பசியில் அடிக்கச் சொன்னேனா? மாசியில் இரண்டு பூச்சு, பசை கலந்து அடித்தால் வெயில் காலம் முழுக்க நிற்கும். எல்லாருக்கும் உங்கள் தாத்தா வீடு கட்டி வைக்கவில்லை. கான்கிரீட் தளத்துக்கு அடியில் ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் சூட்டுக்காற்றைத்தான் தள்ளுகிறது.

மேலப்பாளையம் வயரிங்:
எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது. அதன் கீழ் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007-இல் வந்து, 2017-இல் திருத்தப்பட்டது. அது 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புச் சுமை (மாட்டியிருக்கும் மின்கருவிகளின் மொத்த வாட்) உள்ள வணிகக் கட்டடங்களுக்கு, அதுவும் பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதற்கு. 2022 திருத்தத்தில் குடியிருப்பையும் சேர்த்தார்கள், மாநிலம் அந்த அளவைக் குறைக்கலாம் என்றும் வைத்தார்கள். உங்கள் வீட்டு மீட்டரோ மூன்று நாலு கிலோவாட்.

கொக்கிரகுளத்தான்:
சட்டமெல்லாம் சரி. சுண்ணாம்பு மழைக்கு நிற்குமா, நிற்காதா? அதற்குப் பதில் இல்லை.

மேலப்பாளையம் வயரிங்:
ஃபேனை மாற்றுங்கள் என்கிறேன். பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்ட்டில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட் பக்கம். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 32 யூனிட் மிச்சம். 2023-இலிருந்து சீலிங் ஃபேனுக்கு, மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம். பார்த்து வாங்கினால் போதும்.

டவுன்வாசி:
இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் ஓட்டுகிற வீட்டுக்காரர் எதை மிச்சம் பிடிக்க? அதனால்தான் அரசு கூரையில் கை வைக்க வேண்டும் என்கிறேன்.

தச்சநல்லூர் அக்கா:
ஆம்பிளைகள் யாராவது மாடிக்குப் போய்ப் பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் அடித்தோம். மத்தியானம் கண்ணைத் திறக்க முடியவில்லை. வத்தல் காயப்போட்ட சேலையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. ஆனால் உள்ளே சூடு குறைந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொக்கிரகுளத்தான்:
பார்த்தீர்களா, சேலையிலேயே ஒட்டுகிறது! மழைக்கு நிற்குமா?

டவுன்வாசி:
சூடு குறைந்தது என்று அக்கா சொன்னது உங்கள் கண்ணில் படாதே. போன மாதம் நம்மூர் ஈரடுக்குப் பாலத்தின் வயதைத் தப்பாகச் சொல்லிவிட்டு நாற்பது பதிவு சண்டை போட்டவர்தானே நீங்கள்?

கொக்கிரகுளத்தான்:
பாலத்தை ஏன் இழுக்கிறீர்? அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி. அதையும் பிறகு பேசலாம். சூரிய மின்தகடு என்று இன்னொரு கூட்டம் வரும், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, சரி. என் சொந்தக்காரர் வீட்டில் தகடு மாட்ட வந்த பையன் தட்டோட்டில் துளை போட்டான். இப்போது அடுக்களையில் வாளி வைத்திருக்கிறார்கள்.

மேலப்பாளையம் வயரிங்:
துளை போடாமல் கான்கிரீட் கட்டை வைத்தும் நிறுத்தலாம். மலிவாக ஆள் பிடித்தால் அப்படித்தான்.

கொக்கிரகுளத்தான்:
மலிவு என்று யார் சொன்னது? நீங்கள் வயரிங் வேலையைப் பாருங்கள். சுண்ணாம்பு விஷயத்தில் இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐப்பசி வரட்டும், டவுன் வாறுகாலைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

டவுன்வாசி:
போடுங்கள். கூடவே உங்கள் தட்டோட்டு இடுக்கில் முளைத்திருக்கிற அரசங்கன்றையும் சேர்த்து எடுங்கள்.

கொக்கிரகுளத்தான்:
அது ஆலங்கன்று.