பிரவுசரைத் திறந்தாலே கணினி திணறுகிறதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தட்டச்சுத்தம்பி

மீட்டிங்கில் எதிர்ப்பக்கம் இருந்தவர்தான் முதலில் கேட்டார்: "உங்க பக்கம் ஏதோ மெஷின் ஓடுற சத்தம் வருதே?" மெஷின் இல்லை, என் லேப்டாப் ஃபேன். திறந்திருந்தது அந்த மீட்டிங் டேப், ஒரு மெயில் டேப், அவ்வளவுதான். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் குரோம் என்ற பெயர் வரிசையாக நிற்கும், எது எதற்கென்றே புரியாது, உங்களுக்குத் தெரிந்ததுதானே.

மீட்டிங் முடிந்ததும் குரோமுக்குள்ளேயே ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தி, அதன் சொந்த டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு என்ற தலைப்பைத் தட்டியதும் அதிகம் தின்பது மேலே வந்தது. முதல் வரியில் இருந்தது டேப்பே இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுக்க எப்போதோ போட்டுவைத்த ஒரு எக்ஸ்டென்ஷன், பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல். பக்கத்தில் 98. கொஞ்ச நேரம் பார்த்தேன். 97, 99, மறுபடி 98. இறங்குவதாக இல்லை. அந்த வரியைத் தேர்ந்து 'எண்ட் ப்ராசஸ்' கொடுத்ததும் ஃபேன் மெல்ல இறங்கி, அப்புறம் அடங்கியே போனது.

எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காத நேரத்தில் அது எதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது? அனுமதிப் பட்டியலில் எல்லாத் தளங்களிலும் என் தரவைப் படிக்கலாம், மாற்றலாம் என்று இருந்தது. இதுபோல் யாருக்காவது நடந்திருக்கிறதா?

பழையபெட்டி

எனக்கு எக்ஸ்டென்ஷன் எதுவுமே கிடையாது, ஒரே ஒரு டேப். 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், ஃபயர்ஃபாக்ஸ்.

பிரவுசருக்கு வெளியே கடிதம் ஒன்று அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் முழுக்க அடித்துவிட்டேன், திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். திடீரென்று வாக்கியம் மொத்தமும் கொட்டியது, பிழைகளோடு.

ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பெட்டியில் அபவுட், முக்காற்புள்ளி, ப்ராசஸஸ் என்று அடித்துப் பார்த்தேன். காலையில் திறந்து அப்படியே விட்டிருந்த நேரடி ஸ்கோர் பக்கம் 1.9 ஜிபி பிடித்திருந்தது. நான் பார்க்கப் பார்க்கவே எண் ஏறியது. புதுப் புது விவரமாக இறக்குகிறது, பழையதை விடுவதில்லை. ரேம் நிரம்பிய பிறகு விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது, விளக்கு எரிந்தது அதனால்தான். டேப்பை மூடினேன், சரியாகிவிட்டது. அந்தப் பக்கத்தை எழுதியவர் அதைத் திறந்துவைத்து அரை நாள் உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

நட்டுபோல்ட்டு

என் கதை சின்னது. பிரவுசரை மூடிய பிறகும் கணினி சூடாகவே இருந்தது. அமைப்பில் 'மூடிய பிறகும் பின்னணியில் இயங்கட்டும்' என்பது ஆனில் இருந்தது, அணைத்தேன். முடிந்தது.

இப்போது மேலே எழுதிய இருவருக்கும்.

தம்பி, எக்ஸ்டென்ஷன் கைமாறியிருக்கலாம். டேப்களைத் தூங்கவைத்து ரேமை மிச்சம்பிடிக்க என்றே லட்சக்கணக்கானவர்கள் போட்டிருந்த 'தி கிரேட் சஸ்பெண்டர்' அப்படித்தான் வேறு கைக்குப் போனது. அதில் தீங்கான நிரல் இருக்கிறது என்று சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. இப்போது அந்த வேலைக்குத் தனி எக்ஸ்டென்ஷனே வேண்டாம், குரோமிலேயே மெமரி சேவர் இருக்கிறது, எட்ஜில் தூங்கும் டேப்கள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் முதலில் இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதித்தால் ஒழிய அங்கே எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. அங்கே வேகமாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான். ஃபயர்ஃபாக்ஸ்காரர்களுக்கு இதே சோதனைக்கு உதவி மெனுவில் டிரபிள்ஷூட் மோட்.

குரோம் என்ற பெயர் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2008-இல் வந்தபோதிருந்தே அதன் அமைப்பு அதுதான், வேலையைத் தனித்தனி ப்ராசஸாக (தனியாக ஓடும் நிரலாக) பிரிப்பது, ஒரு டேப் விழுந்தால் மற்றது விழக்கூடாது என்று. ஸ்பெக்டர் என்ற ப்ராசசர் பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு 2018-இல் தளத்துக்குத் தளம் தனி ப்ராசஸ் என்று இன்னும் பிரித்தார்கள். அதனால் மெமரி 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. பாதுகாப்புக்குக் கொடுக்கிற விலை.

"கேஷைக் கிளியர் பண்ணு" என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கேஷ், அதாவது பார்த்த பக்கங்களின் படங்களைச் சேமித்துவைக்கும் இடம், பெரும்பாலும் டிஸ்க்கில் இருக்கிறது, அதை அழித்தால் ரேம் மிச்சமாகாது. எல்லாப் படத்தையும் மறுபடி இறக்க வேண்டியிருப்பதால் முதல் தடவை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். ஏதாவது பக்கம் கெட்டுப்போய்ச் சரியாகத் தெரியவில்லை என்றால் மட்டும் செய்யுங்கள்.

பழையபெட்டி அவர்களே, 4 ஜிபியில் எந்த பிரவுசரும் மூச்சு வாங்கத்தான் செய்யும். ரேமைக் கூட்டுங்கள், ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். கூடவே ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனையும் (வீடியோ, படம் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் அமைப்பு) அணைத்துவிடுங்கள்.

சட்டகம்60

கடைசி வரியை மட்டும் யாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். எனக்குப் பிரச்சினையே அது அணைந்திருந்ததால்தான் வந்தது. வீடியோ ஓடினால் சிபியு நூறைத் தொடும், படம் விட்டு விட்டு நகரும், ஒலி மட்டும் ஒழுங்காக வரும். குரோமின் ஜிபியு பக்கத்தைத் திறந்தேன். மேலே பச்சை வரிகளாக இருக்க வேண்டிய இடத்தில், வீடியோ டிகோட் என்பதற்கு நேராக 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்றிருந்தது. அதாவது கிராஃபிக்ஸ் சிப் சும்மா இருக்க, படத்தை விரிக்கிற வேலை முழுவதும் சிபியு தலையில். ஆக்சிலரேஷனை ஆன் செய்து, டிரைவரையும் புதுப்பித்தேன். அதே வீடியோ 15 சதவீதத்தில் ஓடியது.

டிரைவர் கெட்டிருந்து திரை மின்னினால் அணைத்துப் பார்க்கலாம், ஒத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் மருந்தாக எழுதாதீர்கள் நட்டுபோல்ட்டு.

ஆந்தைக்கண்

என் சங்கதி 2018-ஐ ஒட்டி. பிரவுசரை மூடிவிட்டேன், டாஸ்க்பாரில் அதன் ஐகான் மட்டும் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டியது, சிபியு உச்சத்தில். ஜன்னல் எங்கேயும் கண்ணில் படவில்லை. டாஸ்க்பாரை இழுத்துப் பக்கவாட்டில் வைத்தேன். கடிகாரம் இருந்த இடத்துக்குக் கீழே, விரல்நுனி அளவுக்கு ஒரு ஜன்னல்! நான் அதற்குமுன் பார்த்த தளம் திறந்து ஒளித்துவைத்துவிட்டுப் போனது. அதற்குள் ஓடிய ஸ்கிரிப்ட் என் மின்சாரத்தில் யாருக்கோ மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைக் கணக்குப் போட்டுத் தோண்டிக்கொண்டிருந்தது. தம்பி, உங்கள் எக்ஸ்டென்ஷன் என்ன கணக்குப் போட்டது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

பழையபெட்டி

நட்டுபோல்ட்டு ஐயா, இந்த லேப்டாப்பில் ரேம் போர்டோடு சால்டர் செய்தது. கூட்ட வழியில்லை. நான் கேட்கவும் இல்லை. டேப்பை மூடினேன், சரியாகிவிட்டது என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.