பூனைக்கு நாள்தோறும் பல் துலக்கத்தான் வேண்டுமா?

ஈசூன்வாசி எழுதியது:
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கிய பிறகு, எங்கள் பூனைகள் இரண்டிற்கும் அடையாள மின்சில்லு பொருத்தி, உரிமம் எடுத்து, ஜன்னல்களுக்கு வலையடித்து, விதிகள் கேட்டதையெல்லாம் முறையாகச் செய்துவிட்டோம். இப்போது மருத்துவர் இரண்டிற்கும் நாள்தோறும் பல் துலக்கிவிடச் சொல்கிறார். எனக்கு இது மிகையாகத் தெரிகிறது. ஊரில் என் பாட்டி வீட்டு நெற்குதிருக்குக் காவலிருந்த பூனைக்கு யார் பல் துலக்கினார்கள்? எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் திரியும் சமூகப் பூனைகளுக்கு யார் துலக்குகிறார்கள்? உலர் தீனியை மொறுமொறுவென்று மென்றாலே பல் தானாகத் தூய்மையாகிவிடும் என்பது என் எண்ணம். பூனையை அழுத்திப் பிடித்து வாயைத் திறப்பது அது நம்மீது வைத்திருக்கும் நம்பிக்கையைத்தான் கெடுக்கும். பற்பசை விற்பவரின் கவலையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

கண்மணி எழுதியது:
ஐயா, நான் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன், பற்பசை விற்பதில்லை. பாட்டி வீட்டுப் பூனையின் வாயை எவரும் திறந்து பார்த்ததில்லை என்பதால் அதற்குப் பல்நோய் இல்லை என்று ஆகிவிடாது. பூனை வலியை மறைக்கும் பிராணி. ஈறு வீங்கிச் சீழ் பிடித்த நிலையிலும் தட்டைக் காலி செய்துவிடும். ஒரு பக்கமாக மெல்லுவது, வாயிலிருந்து தீனி நழுவி விழுவது, எச்சில் வடிவது, முன்காலால் கன்னத்தைத் தேய்ப்பது போன்ற சிறு அறிகுறிகளைக் கவனிப்பவர்களுக்கு மட்டுமே அது தெரியவரும். கீழ்த்தளப் பூனைகளுக்கு உணவு வைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாய்ப்புண்ணால் உண்ண முடியாமல் மெலிந்த பூனையைப் பற்றி அவர்களில் ஒருவராவது சொல்வார்.

உலர் தீனியைப் பற்றிய நம்பிக்கை பரவலானது, ஆனால் சாதாரண உலர் தீனி பல்லின் நுனி பட்டவுடனே உடைந்து நொறுங்கிவிடுகிறது. அழுக்குப் படலம் தங்குவதோ ஈறும் பல்லும் சேரும் கோட்டில். எளிதில் நொறுங்காதபடி பெரிய உருண்டைகளாகத் தயாரிக்கப்படும் பல்நலத் தீனி வேறு வகை. அதில் பல் ஆழமாக இறங்குவதால் பக்கங்கள் ஓரளவு துடைபடும். உண்ட சில மணி நேரத்தில் படியத் தொடங்கும் மென்படலம், உமிழ்நீரில் உள்ள சுண்ணச்சத்தை ஏற்றுக்கொண்டு சில நாள்களிலேயே பற்காரையாக இறுகிவிடுகிறது. இறுகிய காரையைத் தூரிகையால் பெயர்க்க முடியாது. நாள்தோறும் துலக்கச் சொல்வதற்கு அந்தச் சில நாள் அவகாசமே காரணம்.

ஈசூன்வாசி எழுதியது:
அப்படியென்றால் காரை படியட்டும். இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறை மருந்தகத்தில் பல்லைச் சுத்தம் செய்துவிட்டால் போயிற்று. அதற்குப் பல நூறு வெள்ளி ஆகும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் தினமும் கடி வாங்குவதைவிட அது மேல். மயக்க மருந்தே கொடுக்காமல் பல்லைச் சுரண்டிவிடும் இடங்களும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

வேப்பமரம் எழுதியது:
நம்மிடம் இல்லாத மருந்தா? வேப்பிலைப் பொடியில் மஞ்சள் குழைத்து ஈறில் தடவுங்கள், வலி இருந்தால் ஒரு துளி கிராம்புத் தைலம் வையுங்கள். ஈரச்சந்தையில் கோழிக் கழுத்தெலும்பை வாங்கிக் கொடுத்தால் கடித்துக் கடித்தே பல் வெளுத்துவிடும். நம் முன்னோருக்கு உதவியது பூனைக்கு உதவாதா?

கண்மணி எழுதியது:
வேப்பமரம் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிராம்புத் தைலத்தைப் பூனையின் வாயருகே கொண்டுபோகவே வேண்டாம் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். அதிலுள்ள யூஜினால் போன்ற பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. நமக்கு வலி தீர்க்கும் பாரசிட்டமால் பூனையின் உயிரைப் பறிப்பதற்கும் ஏறக்குறைய இதே குறைபாடுதான் காரணம். நம்முடைய பற்பசையும் ஆகாது, ஏனென்றால் பூனை கொப்பளித்துத் துப்பாது. ஃபுளோரைடும் நுரைக்கும் பொருளும் முழுக்க வயிற்றுக்குள் போகும். எலும்பைப் பொறுத்தவரை, வேகவைத்தது சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கலாம். பச்சை எலும்பும் பல்லை உடைக்கலாம், கிருமிகளையும் கொண்டுவரலாம்.

மயக்க மருந்தில்லாமல் சுரண்டுவதை அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி என்னும் வல்லுநர் அமைப்பு வெளிப்படையாகவே எதிர்க்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும் பளபளப்பாகும். நோய் வேலை செய்வது ஈறுக்கு அடியில், அந்த இடத்தை விழித்திருக்கும் பூனையிடம் யாராலும் தொட முடியாது. வெள்ளைப் பல்லைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். முறையான சுத்தம் செய்தாலும், மறுநாளிலிருந்து படலம் மறுபடி படியத்தான் செய்யும். ஈறு சிவந்து வீங்கும் முதற்கட்டம் சரிசெய்யக் கூடியது. பல்லைத் தாங்கும் எலும்பு குறைந்துவிட்டால் அது திரும்ப வளராது. ஆகவே இரண்டு ஆண்டு காத்திருப்பது சிக்கனமும் ஆகாது.

தெம்பனிஸ் பெரியவர் எழுதியது:
நான் இரு தரப்பிலும் இல்லை. என் பூனைக்குக் குட்டிப் பருவத்திலிருந்தே ஒழுங்காகத் துலக்கி வந்தேன். அப்படியும் கீழ்க்கடைவாய்ப் பற்கள் உள்ளுக்குள்ளேயே கரைந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துப் பிடுங்க வேண்டியதாயிற்று. துலக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது ஏமாற்று. பல் போன பின் அவள் முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்லில்லாத பூனை பட்டினி கிடக்கும் என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் கவனிக்கவும்.

கண்மணி எழுதியது:
பெரியவர் சொல்வது மெய். பல் கரையும் அந்த நோய் பூனைகளிடம் மிகப் பரவலாக இருக்கிறது, அதன் மூலகாரணம் இன்னும் தெளிவாகவில்லை, துலக்குவதால் அது தடுக்கப்படுகிறது என்று நானும் சொல்லமாட்டேன். தூரிகை தடுப்பது படலத்தால் வரும் ஈறு நோயை. கடுமையான வாய் அழற்சி உள்ள பூனைக்குத் தூரிகையை நீட்டுவது கொடுமை என்றுகூடச் சொல்லுவேன். அதனால்தான் தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் வாயைக் காட்ட வேண்டும்.

நம்பிக்கை கெடும் என்று ஐயா சொன்னது அழுத்திப் பிடிப்பவர்களுக்குப் பொருந்தும். அழுத்திப் பிடிக்கவே கூடாது. வாயைத் திறக்கவும் தேவையில்லை. பூனைக்குரிய கோழிச் சுவைப் பற்பசையை விரலில் வைத்து நக்க விடுங்கள். அது தேடி வரத் தொடங்கியதும், உதட்டை லேசாகத் தூக்கிக் கோரைப்பல்லை மட்டும் விரலால் தொடுங்கள். அதற்குப் பழகிய பிறகு, விரலில் சுற்றிய மெல்லிய துணி. கடைசியாகத்தான் சிறிய தலையுள்ள மென்மையான தூரிகை. இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், பிடிக்கட்டும். தூரிகையை ஈறுக் கோட்டை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்தால் போதும். உட்பக்கத்தை நாக்கே பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. மொத்தம் முப்பது பற்கள் இருந்தாலும், நேரம் குறைவாக இருக்கும் நாளில் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களை விட்டுவிடாதீர்கள். உமிழ்நீர்ச் சுரப்பியின் திறப்பு அங்கே அருகில் இருப்பதால் காரை முதலில் அங்குதான் சேரும்.

கடையில் பொருள் வாங்கும்போது, விஓஎச்சி என்னும் கால்நடை வாய்நல மன்றத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மன்றம் தானே பொருள்களைச் சோதிப்பதில்லை. நிறுவனங்கள் அளிக்கும் சோதனை முடிவுகளைப் பரிசீலித்து முத்திரை வழங்குகிறது. ஆனாலும் முத்திரையில்லாத விளம்பரத்தைவிட அது நம்பத்தக்கது.

ஈசூன்வாசி எழுதியது:
எங்கள் பூனைகளில் பெரியவன் ஏற்கெனவே ஒரு பக்கமாக மெல்லுகிறான். அவனை முதலில் மருத்துவரிடம் காட்டுகிறேன். சின்னவளுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது, அவளுக்குப் பசையை நக்கப் பழக்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாள்தோறும் என்பதை இன்னும் ஏற்கவில்லை. காலை ஆறரைக்கு எம்ஆர்டி ரயில் பிடிக்க ஓடுபவன் நான். ஒருநாள் விட்டு ஒருநாள் போதாதா? பசையை மட்டும் நக்கவிட்டு, தேய்க்காமல் விட்டால்?

கண்மணி எழுதியது:
ஒருநாள் விட்டு ஒருநாள் துலக்கினாலும் பயன் உண்டு, ஆனால் குறையும். வாரம் ஒருமுறை என்றால் தொடங்கவே வேண்டாம், அதற்குள் காரை இறுகியிருக்கும். பசையிலுள்ள நொதிகள் கொஞ்சம் உதவினாலும் படலத்தை அகற்றுவது உராய்வுதான். காலையில்தான் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, இரவு உணவுக்கு முன் செய்துவிட்டுத் தட்டை வையுங்கள். சின்னவளுக்கு இப்போது பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் காலம், ஈறு நோகும். ஆறு மாதம் கடந்து பற்கள் முழுமையாக வரும்வரை பசையோடும் விரலோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரியவனுக்கு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.