இணைப்பு கிடைத்தது, செய்தி போகவில்லை: மெசேஜ் கியூ அனுபவங்கள்

(மெசேஜ் கியூ என்பது ஒரு நிரல் அனுப்பும் செய்தியை, இன்னொரு நிரல் வந்து எடுக்கும்வரை வைத்திருக்கும் வரிசை. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

இரவுப்பணி

மைக்ரோசாஃப்டின் கியூ சேவையான அஷூர் சர்வீஸ் பஸ்ஸின் கனெக்ஷன் ஸ்டிரிங் எப்படி இருக்கும் என்பது இங்கே பலருக்கும் தெரியும்: முகவரி, சாவியின் பெயர், சாவி ஆகியவற்றை 'பெயர்=மதிப்பு' என்று அரைப்புள்ளியிட்டு அடுக்கிய ஒரே வரி. ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். சோதனைச் சூழலில் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய எங்கள் சேவைக்கு, புரொடக்ஷனில் (நிஜப் பயன்பாட்டில்) ஏற்றிய இரவு முதல் செய்தியிலேயே 401, அதாவது அனுமதி இல்லை, என்ற பதில் வந்தது. சாவியைப் புதிதாக உருவாக்கினோம். அனுப்பும் உரிமை இருக்கிறதா என்று பார்த்தோம். சாவியால் கையொப்பமிட்டு அனுப்பும் தற்காலிக அனுமதிச்சீட்டான டோக்கனின் காலாவதி நேரம் தவறாகக் கணக்கிடப்படுகிறதோ என்று சர்வரின் கடிகாரத்தைக்கூடச் சரிபார்த்தோம். சாவியை லாகில் (நிரலின் பதிவேட்டில்) அச்சிடக் கூடாது என்பதால், இரவு இரண்டு மணிக்கு அதன் நீளத்தை மட்டும் அச்சிட்டுப் பார்த்தேன். போர்ட்டலிலிருந்து நகலெடுத்த சாவியில் 44 எழுத்துகள். என் நிரலின் கையில் இருந்ததில் 43.

அந்த 43 இன்றும் கண்முன் நிற்கிறது. சோதனைச் சூழலில் ஸ்டிரிங்கை முழுதாக மைக்ரோசாஃப்டின் நூலகமான எஸ்.டி.கே.யிடம் கொடுத்திருந்தோம். புரொடக்ஷனில் வெளியிலுள்ள சாதனங்களுக்காக டோக்கனை நாங்களே உருவாக்க வேண்டியிருந்ததால், ஸ்டிரிங்கை அரைப்புள்ளியில் உடைத்து, ஒவ்வொரு துண்டையும் சமக்குறியில் உடைத்து, இரண்டாவது பகுதியை எடுக்கும் மூன்று வரிகளை நான் எழுதியிருந்தேன். பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் பேஸ்-64 வடிவிலுள்ள அந்தச் சாவியே ஒரு சமக்குறியில்தான் முடிகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல, எழுதும்போது தோன்றவில்லை. அது வெறும் இட்டுநிரப்பும் குறிதானே, போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சர்வீஸ் பஸ் அந்தச் சாவியை டீகோட் செய்வதில்லை, எழுத்துகளை அப்படியே வைத்துத்தான் கையொப்பத்தைக் கணக்கிடுகிறது. ஓர் எழுத்து குறைந்தால் கையொப்பமே வேறு.

முயல்காவலன்

சமக்குறி என்றதும் என் சாய்கோடு நினைவுக்கு வந்துவிட்டது. ராபிட்எம்க்யூ என்ற கியூ சர்வர், டி.எல்.எஸ். (மறையாக்க) இணைப்பு, போர்ட் 5671, ஜாவா கிளையன்ட். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோட்டைப் பழக்கதோஷத்தில் போட்டிருந்தேன்; இணையதள முகவரிகளில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பது கையில் ஊறிப்போன பழக்கம். இங்கே அப்படியில்லை. சாய்கோடு இல்லாவிட்டால் இயல்பான வி-ஹோஸ்ட் (சர்வருக்குள் பெயரிட்டுப் பிரித்த தனிப் பகுதி). சாய்கோடு போட்டு நிறுத்திவிட்டால் பெயரே இல்லாத வி-ஹோஸ்ட். இயல்பான வி-ஹோஸ்டின் பெயரே ஒரு சாய்கோடுதான் என்பதால், அதை வெளிப்படையாக எழுத வேண்டுமானால் சதவீதக்குறி, இரண்டு, எஃப் என்று மாற்றி எழுத வேண்டும்.

வி-ஹோஸ்ட் கிடைக்கவில்லை என்று சர்வர் சொன்ன 530 பிழைச்செய்தியை அன்று மாலை முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். பெயர் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமல் இரண்டு இடைவெளிகள் அடுத்தடுத்து இருந்தன. பதில் அந்த வெற்றிடத்தில்தான் இருந்தது, கண்ணுக்குப் படவில்லை.

பூட்ஸ்டிராப்

முந்தைய இருவருக்கும் ஒரு மறுப்பு. 401 என்றும் 530 என்றும் சர்வர் வாய் திறந்து சொல்லியிருக்கிறதே, நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். இணைப்பே கிடைக்காத கோளாறு ஓரிரவில் தீர்ந்துவிடும். இணைப்பு கிடைத்துவிட்டதாகத் தோன்றும் கோளாறுதான் ஆளை உருக்கும்.

எங்களுடையது காஃப்கா, இன்னொரு செய்தி முறை. அனுப்பும் நிரலான புரொடியூசர் தொடங்குகிறது, செய்திகள் சேரும் டாப்பிக்கின் விவரங்கள்கூட வந்து சேர்கின்றன, அனுப்பிய செய்தி மட்டும் 120 விநாடி காத்திருந்து காலாவதியாகிறது. நெட்வொர்க் குழுவைச் சேர்ந்தவர் என் இருக்கைக்கே வந்து, போர்ட் 9092-க்கு இணைப்பைச் சோதிக்க டெல்நெட் போட்டு, கர்சர் மின்னும் கறுப்புத் திரையைக் காட்டி, "பாருங்க சார், ஓப்பனா இருக்கு, எங்க பக்கம் எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது முழு உண்மை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. நாம் கான்ஃபிகில் கொடுக்கும் பூட்ஸ்டிராப் முகவரி முதல் விசாரிப்புக்கு மட்டும்தான். அதன்பின் புரோக்கர், அதாவது காஃப்கா சர்வர், தன் முகவரி என்று எதை அறிவிக்கிறதோ அங்கேதான் கிளையன்ட் போய் நிற்கும். டீபக் லாகைத் திறந்தபோது, நாங்கள் யாரும் எந்தக் கோப்பிலும் எழுதியிராத, 10-இல் தொடங்கும் ஓர் உள்முகவரியின் கதவை எங்கள் சேவை தட்டிக்கொண்டிருந்தது. புரோக்கர் அறிவிக்கும் முகவரியைச் சொல்லும் அட்வர்டைஸ்டு லிஸனர்ஸ் என்ற ஒரு வரியைத் திருத்தினோம், ஓடியது. அந்தக் கறுப்புத் திரைக்கு முன் நான் தலையாட்டியதை மட்டும் திருத்த முடியவில்லை.

மூத்த_கட்டமைப்பாளர்

என் அனுபவம் சிறியது. அமேசானின் கியூவான எஸ்.க்யூ.எஸ்.-இல் விசிபிலிட்டி டைம்அவுட்டை (எடுத்த செய்தி மற்றவர்க்குத் தெரியாமல் மறைந்திருக்கும் நேரம்; அதற்குள் வேலை முடித்து அழிக்காவிட்டால் செய்தி மீண்டும் தெரியும்) இயல்பான 30 விநாடியிலேயே விட்டுவிட்டேன். வீடியோ மாற்றும் வேலை ஒவ்வொன்றும் 50 விநாடி எடுத்தது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் "உங்கள் வீடியோ தயார்" என்ற மின்னஞ்சல் இரண்டு முறை போனது.

இதை முன்னிட்டுச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். கியூவின் இயல்பு மதிப்புகளை யாரும் நம்பியிருக்கக் கூடாது, ஏனெனில் அவை உங்கள் வேலையின் நீளத்தை அறிந்து வைக்கப்பட்டவை அல்ல. எஸ்.க்யூ.எஸ்.-இல் டைம்அவுட்டின் மேல்வரம்பு 12 மணி நேரம் என்பதால் தாராளமாகவே வைக்கலாம். அமேசானின் லாம்டா ஃபங்ஷனோடு (அழைத்தால் மட்டும் ஓடும் சிறு நிரல்) இணைப்பவர்கள் அந்த ஃபங்ஷனின் டைம்அவுட்டைப் போல குறைந்தது ஆறு மடங்கு வைக்க வேண்டும் என்று ஆவணமே சொல்கிறது. சர்வீஸ் பஸ்ஸில் இந்தத் தாராளம் கிடையாது. அங்கே செய்தியின் பூட்டு அதிகபட்சம் 5 நிமிடம்தான், வேலை அதற்கு மேல் நீண்டால் பூட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூகுள் பப்-சப்பில் ஒப்புகைக் கெடு (வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டிய நேரம்) இயல்பாக 10 விநாடி, அதிகபட்சம் 600 விநாடி. ராபிட்எம்க்யூவின் இயல்பு அமைப்பில் ஒப்புகை 30 நிமிடத்துக்குள் வராவிட்டால் அந்தச் சேனலையே சர்வர் மூடிவிடும். இவற்றையெல்லாம் சரியாக வைத்தாலும், எஸ்.க்யூ.எஸ்.-இன் ஸ்டாண்டர்ட் கியூ ஒரு செய்தியைக் குறைந்தது ஒரு முறை தருவதாகத்தான் உறுதி சொல்கிறதே தவிர, ஒரே ஒரு முறை என்று சொல்வதில்லை. ஆகவே ஒரே செய்தி இரண்டாம் முறை வந்தாலும் விளைவு மாறாதபடி செய்தியை எடுக்கும் நிரலான கன்சியூமரை எழுதுவதுதான் முறை. வரிசை மாறாத ஃபைஃபோ கியூவுக்கு மாறினால் இந்தக் கவலை இல்லை என்பவர்கள், அங்கேயும் இரட்டிப்பைக் கண்டுபிடிக்கும் சாளரம் 5 நிமிடம் மட்டுமே என்பதை மறந்துவிடுகிறார்கள். லாங் போலிங்கை (செய்தி வரும்வரை காத்திருந்து கேட்பது) 20 விநாடியாக வையுங்கள், வெறும் பதில்களுக்குக் கட்டணம் கட்டுவது குறையும். தோற்ற செய்திகள் போய்ச் சேரும் டெட் லெட்டர் கியூ இல்லாத கியூவைப் புரொடக்ஷனுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். அது இருந்தால் எந்தச் செய்தியும் காணாமல் போகாது.

திங்கள்_காலை

மேலே உள்ளதில் "தாராளமாக" என்ற சொல்லுக்கும் "காணாமல் போகாது" என்ற சொற்களுக்கும் நடுவில்தான் என் கதை இருக்கிறது.

நானும் தாராளமாகத்தான் வைத்தேன்: 12 மணி நேரம். டெட் லெட்டர் கியூவும் இருந்தது. ஐந்து முறை எடுத்தும் வேலை முடியாத செய்தி அங்கே போய்விடும். ஒரு புதன்கிழமை காலை 10 மணிவாக்கில் பணம் திரும்பத் தரும் கோரிக்கைகள் 37 வந்தன. எங்கள் கன்சியூமர் அவற்றை எடுத்ததும் நினைவகம் போதாமல் செத்துவிழுந்தது. செத்துப்போன கன்சியூமர் செய்தியைத் திருப்பி விடுவிப்பதில்லை என்பதால், அவை 12 மணி நேரம் கண்ணுக்குத் தெரியாமலே கிடந்தன. இரவு 10-க்கு இரண்டாம் முறை, வியாழன் காலை மூன்றாம் முறை என்று போய், வெள்ளி இரவு 10 மணிக்கு, அதாவது 60 மணி நேரம் கழித்து, 37-உம் டெட் லெட்டர் கியூவுக்கு வந்து சேர்ந்தன. எச்சரிக்கை மின்னஞ்சல் அப்போதே வந்துவிட்டது. கியூவில் செய்தி நான்கு நாள் இருக்குமே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்தேன்.

திங்கள் காலை கன்சோலைத் திறந்தால் கியூவில் பூஜ்யம். வரைபடத்தில் மட்டும் வெள்ளி இரவு 37-க்கு ஏறிய கோடு ஞாயிறு காலை 10 மணியளவில் தரைக்கு இறங்கியிருந்தது. ஸ்டாண்டர்ட் கியூவிலிருந்து டெட் லெட்டர் கியூவுக்குப் போகும் செய்தியின் வயது அங்கே புதிதாகத் தொடங்குவதில்லை. முதலில் அனுப்பப்பட்ட நேரத்திலிருந்தேதான் எண்ணப்படுகிறது. இரண்டு கியூவிலும் இயல்பான 4 நாளையே விட்டிருந்தேன். 96 மணியில் 60 போக மீதி 36. யாரும் அழிக்காமல், எந்தப் பிழையும் பதிவாகாமல் அவை போய்விட்டன. டெட் லெட்டர் கியூவுக்கு 14 நாள் வைப்பதற்குக் காசு ஒன்றும் தனியாகக் கேட்பதில்லை. அந்த 37 பேரையும் டேட்டாபேஸ் பேக்கப்பிலிருந்து ஒவ்வொருவராகத் தேடி எடுத்தோம்.

மூத்த_கட்டமைப்பாளர்

நான் ஆறு மடங்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். உங்கள் வேலை இரண்டு நிமிடத்தில் முடிவது என்றால் ஆறு மடங்கு 12 நிமிடம். 12 மணி நேரம் என்று யாரும் சொல்லவில்லை. மேலும், தோல்வியடையும்போது டைம்அவுட்டைப் பூஜ்யமாக்கிச் செய்தியைத் திருப்பி விடுவிக்கும் வழியும் இருக்கிறது.

திங்கள்_காலை

நினைவகம் போதாமல் கொல்லப்பட்ட ப்ராசஸ் எதை எப்படி விடுவிக்கும் ஐயா? அதற்கு அந்த நேரத்தில் கை கால் எதுவும் இருப்பதில்லை. ஆறு மடங்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, தவறு என்னுடையது.

டோக்கன்

இந்தச் சண்டைக்கு நடுவில் என்னுடையதையும் வைத்துவிடுகிறேன். உணவகம் ஒன்றுக்கு நாங்கள் செய்துகொடுத்த ஆர்டர் முறை: கவுன்ட்டரில் அடிக்கும் டோக்கன், வெளியே ஒரு சேவையிடம் வாடகைக்கு எடுத்த ராபிட்எம்க்யூ வழியாகச் சமையலறைத் திரைக்குப் போகும். எங்கள் சர்வர் பிரைவேட் சப்நெட்டில் (வெளியிலிருந்து நேராக அணுக முடியாத உள் நெட்வொர்க்கில்) இருந்ததால், வெளியே போகும் இணைப்பு நாட் கேட்வே என்ற வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். லாகில் ஹார்ட்பீட் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய அவ்வப்போது அனுப்பும் சிறு துடிப்பு) பற்றிய எச்சரிக்கைகள் நிறைய வருகின்றன என்று எரிச்சல்பட்டு, 60 விநாடி என்றிருந்ததை நான் ஒரு நாள் பூஜ்யமாக்கிவிட்டேன். லாக் சுத்தமாயிற்று. அமேசானின் நாட் கேட்வேயோ 350 விநாடி சும்மா இருக்கும் இணைப்பை மறந்துவிடும். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் 3 மணிக்கு வடிந்து 4 மணிக்கு முதல் தேநீர் டோக்கன் அடிக்கப்படும்போது, எங்கள் பக்கத்தில் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே தெரியும். செய்தி சேர்ந்ததைச் சர்வர் உறுதிசொல்லும் பப்ளிஷர் கன்ஃபர்ம் போடவில்லை. எனவே செய்தியைச் சாக்கெட்டில் எழுதியதையே வெற்றி என்று நூலகம் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் இணைப்பு அறுந்த செய்தி வரும், மறுஇணைப்பு நடக்கும், இரண்டாவது டோக்கன் ஒழுங்காகப் போகும்.

நாங்கள் இரண்டு மாதம் லாகைத் துருவி இதைக் கண்டுபிடித்து, ஹார்ட்பீட்டைத் திரும்ப வைத்து, கன்ஃபர்மையும் சேர்த்துவிட்டு, நேரில் பார்க்கலாம் என்று ஒரு மாலை அங்கே போனோம். கவுன்ட்டரில் இருந்த பெரியவர் 4 மணிக்கு யாருமே கேட்காத ஒரு தேநீரை முதலில் அடித்தார். ஏன் ஐயா என்று கேட்டதற்கு, "மத்தியானத்துக்கு அப்புறம் முதல் டோக்கன் உள்ளே போகாது தம்பி, அதனால ஒண்ணு சும்மா அடிச்சு விட்டுடுவேன்" என்றார். இனி போகும், சரிசெய்துவிட்டோம் என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு தேநீர் வந்தது. யாருடையது என்று தெரியாமல் பரிமாறுபவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பெரியவர் என்னைக் கைகாட்டினார். அதன் பிறகு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் 4 மணிக்கு அந்தத் தேநீர் எனக்குத்தான் வந்தது.