பிடித்த நகரத்தின் மதிலை எதிரி இடிப்பானா, விட்டுவைப்பானா?

அகழிவாசன்:
என் மிகைபுனைவு நாவலில் ஒரு கோட்டை நகரம் ஏழாண்டு எதிரியின் பிடியில் இருக்கிறது. நுழைந்த வாரமே மதிலை இடித்துத் தள்ளுகிறான். கி.மு. 404-இல் ஏதென்ஸ் பணிந்ததும் நெடுமதில்களைக் குழலிசையோடு இடித்தார்களே, அதுதான் முன்மாதிரி.

கொத்தளத்தாள்:
ஏற்க முடியவில்லை நண்பரே. அங்கே இடித்தது நகரையும் துறைமுகத்தையும் இணைத்த மதிலை. கடல்வழித் தானியத்தை அறுக்க. உங்கள் எதிரியோ உள்ளேயே குடியிருக்கிறான். வெளியே அவன் பகைவர்கள். மதில் போனால் அவனுக்கு யார் காவல்? மதில் நின்றால் மொத்த ஊரும் அவன் கைக்குள். பொழுது சாய்ந்ததும் பெருங்கதவைச் சாத்தி, அதிலுள்ள சிறு கதவான திட்டிவாசலை மட்டும் திறந்து வைப்பான். ஒவ்வொருவராகக் குனிந்துதான் நுழைய வேண்டும். நிமிர்வதற்குள் காவலன் தலைச்சுமையில் ஈட்டியைச் செருகிப் பார்ப்பான். விறகோ உப்போ, பாடையே ஆனாலும் அவன் தலையசைத்தால்தான் நகரும்.

அகழிவாசன்:
திட்டிவாசலை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மதிலின் சந்துபொந்தெல்லாம் உள்ளூர்க்காரனுக்குத்தானே தெரியும்? கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) 1204-இல் பிடித்த லத்தீன்களும், அதாவது மேற்கு ஐரோப்பியச் சிலுவைப்படையினரும், மதிலை விட்டுவைத்தார்கள். 1261 ஜூலையில் அவர்கள் படையில் பெரும்பகுதி கப்பலேறிப் போயிருந்தபோது, நகரை இழந்திருந்த பைசாந்தியரின் ஆட்கள் சிலர் ரகசிய வழியாகப் புகுந்து உள்ளிருந்தே வாசலைத் திறந்துவிட்டார்கள். நகரம் கைமாறிவிட்டது.

கொத்தளத்தாள்:
57 ஆண்டு தாங்கியதே! மதிலில் நிற்க ஆளில்லாமல்தான் விழுந்தது. அந்த நெருக்கடியை உங்கள் எதிரிக்கும் கொடுங்கள். ஆள் போதாமல் உள்ளூர்ப் பையன்களைக் காவலுக்கு எடுப்பான். அடுத்த தெருக் கிழவியின் மூட்டையில் அந்தப் பையன் ஈட்டியைச் செருகுவானா? எனக்கு நாவலே அங்கேதான் இருக்கிறது.

மதகடி:
எதிரியின் ஈட்டியைத் தொட்டவன் துரோகி. அவனுக்கு இரக்கம் தேடாதீர்கள்.

கொத்தளத்தாள்:
களஞ்சியச் சாவி எதிரியின் இடுப்பில். கூலியாக அளக்கும் தானியத்தில்தான் அவன் வீட்டு உலை கொதிக்கிறது. தங்கைக்குச் சோறு போடுகிறவனை ஒரே சொல்லில் தள்ளிவிடாதீர்கள்.

மதகடி:
பக்கத்து வீட்டிலும் தங்கை இருக்கிறாள். அவர்கள் பட்டினி கிடந்தும் போகவில்லையே. அவர்களுக்கு என்ன பதில்?

அகழிவாசன்:
இருவரையும் ஒரே தெருவில் வைக்கிறேன். மதில் விஷயத்தில் பாதிதான் விட்டுக்கொடுப்பேன்: வெளிமதில் நிற்கும், ஊருக்குள் இருக்கும் தடுப்புச்சுவர்களை இடிப்பான். வில்லியம் இங்கிலாந்தை வென்றபின் லண்டனை அடக்கிவைக்கக் கோட்டை எழுப்பியதுபோல, இவனும் அந்தக் கல்லை வைத்தே ஊரைப் பார்த்து ஒரு கோட்டை கட்டுவான்.

கொத்தளத்தாள்:
அது சரி. கல் சுமக்கப்போவது யார் என்பதையும் எழுதுங்கள்.