மறு: சாஃப்ட் லைட்டுக்குத் தமிழ்: மென்னொளி சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். படமெடுப்பவர்கள் நிழலின் விளிம்பு கூராக விழும் ஒளியை ஹார்ட் லைட் என்றும், விளிம்பு கரைந்து விழும் ஒளியை சாஃப்ட் லைட் என்றும் சொல்வார்கள். இவற்றுக்குத் தமிழ்ப் பெயராக இங்கே வந்த யோசனை:

> ஹார்ட் லைட் வன்னொளி, சாஃப்ட் லைட் மென்னொளி. இதோடு முடித்துக்கொள்ளலாமே?

எனக்கு மனம் ஒப்பவில்லை. போன மாதம் புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தபோது, "மென்னொளியில் ஒரு முகம் எடுத்து வாருங்கள்" என்றேன். பாதிப் பேர் விளக்கைக் குறைத்துவிட்டு இருட்டாக எடுத்து வந்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. மெல்லிய ஒளி என்றால் மங்கிய ஒளி என்றுதான் காதில் விழுகிறது.

வெளிச்சம் கூடுதலா குறைவா என்பதல்ல இங்கே பேச்சு. படமெடுக்கும் பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கி.மீ. ஆனால் 15 கோடி கி.மீ. தள்ளி இருப்பதால் வானத்தில் அதன் அகலம் அரை டிகிரிதான். உச்சி வெயிலில் மூக்கின் நிழல் உதட்டின்மேல் கத்தியால் கீறியதுபோல் விழுவது அதனால்தான். மேகம் மூடிவிட்டால் வானம் முழுவதுமே விளக்காகிவிடும். நிழலின் விளிம்பைத் தேடினாலும் கிடைக்காது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இருட்டறையில் மேசைமேல் ஒரு முட்டை. நாலடி தள்ளிச் செல்பேசி டார்ச். நிழல் வெட்டியெடுத்ததுபோல் நிற்கும். இப்போது முட்டைக்குப் பக்கத்தில், டார்ச்சை மறைத்து ஒரு வெள்ளை வேட்டியைப் பிடியுங்கள். வேட்டியே விளக்காகி, நிழலின் ஓரம் மேசையில் கரைந்துபோகும்.

சாஃப்ட் லைட்டுக்குச் 'சிதறொளி' என்று வந்த யோசனையும் பொருந்தவில்லை. ஃபிளாஷ் தலையில் சின்ன வெள்ளை மூடி மாட்டினாலும் ஒளி சிதறத்தான் செய்கிறது. ஆனால் விளக்கின் அளவு மாறாததால், எதிரொளிக்கச் சுவரில்லாத வெட்டவெளியில் நிழல் அப்படியே கூராக இருக்கும். அப்புறம், சிதறல் என்ற சொல்லை இயற்பியல் வேறு பொருளில் நெடுநாளாக ஆள்கிறது.

ஆகவே நிழலை வைத்தே பெயரிடுவோம்: கூர்நிழல் ஒளி, கரைநிழல் ஒளி. பெயரைக் கேட்டதுமே பிள்ளைகள் நிழலின் விளிம்பைப் பார்ப்பார்கள். பள்ளிப் பாடத்தின் கருநிழல் (விளக்கின் ஒளி நேராகப் படவே படாத பகுதி), புறநிழல் (ஓரளவு மட்டும் படும் ஓரப் பகுதி) இரண்டோடும் இது ஒட்டும். புறநிழல் அகல அகலக் கரைநிழல்.

ஒரே உறுத்தல், 'கரை'யை ஆற்றங்கரையாகப் படிக்க இடமிருக்கிறது. ஊறுகாய் போல வினைத்தொகையாகப் பழகிவிடும் என்று நம்புகிறேன். 'குழைநிழல்' என்றும் எழுதிப் பார்த்தேன். எது உங்கள் வாய்க்குச் சரியாக வருகிறது? ஞாயிற்றுக்கிழமை அடுத்த வகுப்பு. அதற்குள் சொன்னால் பிள்ளைகளிடமே சொல்லிப் பார்த்துவிடுவேன்.