ஏற்காட்டுப் பையனை இடது விங்கில் ஒதுக்குவது சரியா?

ஐந்துரோடு 9:
ஞாயிற்றுக்கிழமை காந்தி ஸ்டேடியத்தில் நம்ம ஃபுட்பால் டீம் 1-0 தோற்றதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பையனுக்கு 17 வயது, பிறவி ஸ்ட்ரைக்கர். அவனை இடது ஓரத்தில் நிறுத்திவிட்டு 34 வயது கேப்டனைத் தனியாக முன்னால் விட்டால் கோல் எங்கிருந்து வரும்? முதல் பாதியில் பையன் பந்தைத் தொட்டது நாலே தடவை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இருவரையும் முன்னால் சேர்த்து 4-4-2 ஆடுங்கள்: பின்னால் நாலு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் ரெண்டு ஸ்ட்ரைக்கர். 2016-17இல் மொனாக்கோ கிளப் அப்படித்தான் ஆடியது. மூத்த ஸ்ட்ரைக்கர் ஃபால்காவ் டிஃபெண்டர்களோடு மல்லுக்கட்ட, 18 வயது எம்பாப்பே காலி இடத்துக்குள் ஓடினார். பிரெஞ்சு லீக்கையே ஜெயித்தார்கள்.

அஸ்தம்பட்டி ஸ்டாப்பர்:
அவர்களுக்கு நடுக்களத்தில் ஃபாபினோ, பகயோக்கோ என்று ரெண்டு பலமான மிட்ஃபீல்டர்கள் இருந்தார்கள் தம்பி. நமக்கு யார் இருக்கிறார்கள்? இன்னொன்று, ஸ்டாப்பராக, அதாவது நடு டிஃபெண்டராக, பதினைந்து வருஷம் ஆடியவன் சொல்கிறேன்: பையனுக்குக் கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்து வாங்க வரவில்லை. பின்னால் ஒருத்தன் உரசினாலே பந்து மூணு அடி தள்ளிப் போகிறது. கடைசி 20 நிமிஷம் இறக்குங்கள், போதும். 2002இல் எவர்ட்டன் கிளப்பின் ரூனி 16 வயதில் ஆர்சனலுக்கு எதிராக அந்தப் பிரபலமான கோலை அடித்தது சப்பாக, அதாவது மாற்று ஆளாக, வந்துதான். இன்னொரு இளம் ஸ்ட்ரைக்கர் ஓவனை லிவர்பூல் மேட்சுக்கு மேட்ச் ஆடவிட்டது. 1999 ஏப்ரலில், 19 வயதில், லீட்ஸ் மைதானத்தில் ஹாம்ஸ்ட்ரிங், தொடையின் பின்தசை, கிழிந்தது. பழைய வேகம் அப்புறம் வரவே இல்லை.

ஐந்துரோடு 9:
முதுகைக் காட்டி வாங்குவது கேப்டன் வேலை என்றுதானே அண்ணா சொல்கிறேன்! பையன் கோலைப் பார்த்து ஓடினால் போதும்.

கொண்டலாம்பட்டி லெஃப்ட் பேக்:
ரெண்டு பேரும் ஃபார்மேஷனிலேயே நிற்கிறீர்கள். 38ஆவது நிமிஷம் ஞாபகம் இருக்கிறதா? ரைட் விங்கர் ஒருத்தனை வெட்டிவிட்டு உள்ளே வந்தான். பையன் அந்தப் பக்கத்திலிருந்து டிஃபெண்டருக்கு முன்னால் பாய்ந்து, கையைத் தூக்கிக்கொண்டே ஓடினான். விங்கர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடித்த பந்து கேலரியில். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடியபோது ஸ்ட்ரைக்கர் ஹோய்லண்டுக்கும் இதே கதைதான். 2023இல் சாம்பியன்ஸ் லீக் குரூப்பில் 5 கோல் அடித்த ஆள், பிரீமியர் லீக்கில் முதல் கோலுக்கு டிசம்பர் 26 வரை காத்திருந்தார். கொடுக்க ஆள் இல்லாமல் எவன் அடிப்பான்?

அஸ்தம்பட்டி ஸ்டாப்பர்:
விங்கரை மட்டும் திட்டாதீர்கள். பையன் எப்போது, எங்கே ஓடுவான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பிராக்டிஸில் கடைசி அரை மணி நேரம்தான் கிராஸ், ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்து போடும் பயிற்சி. அப்போது பையன் எங்கே?

கொண்டலாம்பட்டி லெஃப்ட் பேக்:
பஸ்ஸில்! அதை விட்டால் இருட்டில் 20 கொண்டை ஊசி வளைவையும் நடந்தா ஏறுவான்? ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடுகிறான், பாவம். கிராஸை முதல் அரை மணியில் வைத்தால் கோச்சுக்கு என்ன குறைந்துவிடும்?

அஸ்தம்பட்டி ஸ்டாப்பர்:
சரி, இது எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கே கோச்சிடம் பேசுகிறேன். ஆனால் 4-4-2 மட்டும் வேண்டாம். நடுவில் ஓட்டை விழும், பின்னால் நிற்பவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஐந்துரோடு 9:
அண்ணா, அடுத்த ஞாயிறு கேப்டன் தங்கச்சிக்குக் கல்யாணம். முன்னால் நடுவில் யாரை நிறுத்தப் போகிறீர்கள்?

அஸ்தம்பட்டி ஸ்டாப்பர்:
முகூர்த்தம் காலையில்தானே? மேட்ச் நாலு மணிக்கு.